கட்டிலில் மோதி மூக்கில் ரத்தம், அப்புறம் ஒரு வாந்தி: நாலு வயதுப் பையனுக்கு எதைக் கவனிக்கணும்?

கொங்குப்பொண்ணு (திருப்பூர்):

வணக்கம். பையனுக்கு நாலு வயது. இன்று சாயங்காலம் அவன் அக்காவோடு ஓடிப்பிடித்து விளையாடும்போது மிதியடி வழுக்கி, கட்டிலின் மரச்சட்டத்தில் முகம் நேராகப் போய் மோதிவிட்டது. சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. ஓடிப்போய்த் தூக்கினால் இரண்டு மூக்கிலிருந்தும் ரத்தம், வாய், சட்டை, என் தோள் எல்லாம் சிவப்பு. விழுந்த உடனே அழுதான், மயக்கம் எதுவும் இல்லை.

மாமியார் தலையை அண்ணாந்து பிடி, உச்சந்தலையில் தண்ணீர் தட்டு என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, குனிய வை, அண்ணாந்தால் ரத்தம் உள்ளே இறங்கிவிடும் என்கிறார். இரண்டு பேர் சொன்னதும் கொஞ்சம் கொஞ்சம் நடந்தது. மூக்கைப் பிடித்தால் என் கையைத் தட்டிவிட்டு அலறுகிறான். எப்படியோ கால் மணி நேரத்துக்குள் நின்றுவிட்டது. அப்புறம் கொஞ்ச நேரத்தில் ஒரு வாந்தி, அதில் கறுப்பும் சிவப்புமாகக் கட்டி கட்டியாக வந்தது. அதைப் பார்த்ததிலிருந்துதான் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தால் ஆபத்து என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

இப்போது ஒரு இட்லி சாப்பிட்டான், கார்ட்டூன் பார்க்கிறான், அக்காவோடு சண்டையும் போடுகிறான். மூக்கின் மேல்பக்கம் லேசாக வீங்கியிருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறான். வீட்டுக்காரர் வேலையாக வெளியூர் போயிருக்கிறார். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓட வேண்டுமா, காலை வரை பொறுக்கலாமா? தூங்க விடலாமா? எக்ஸ்ரே எடுக்கணுமா? ராத்திரி மறுபடி ரத்தம் வந்தால் அண்ணாந்து பிடிப்பதா, குனிய வைப்பதா, யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

இரட்டைவால்_அம்மா:

தோழி, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். இட்லி சாப்பிட்டு அக்காவோடு சண்டை போடுகிற பிள்ளை என்றாலே பாதி நிம்மதி.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதுதான் சரி, குனிய வைக்கணும். கையைத் தட்டிவிடுகிற பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்பதுதான் உண்மையான கஷ்டம், அதைச் சொல்கிறேன். முகத்துக்கு நேராக உட்கார்ந்து மூக்கைப் பிடிக்கப் போனால் எந்தக் குழந்தையும் பயந்து உதறத்தான் செய்யும். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் முதுகு உங்கள் நெஞ்சில் சாய்கிற மாதிரி மடியில் வையுங்கள், அவனும் நீங்களும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி. இடது கையால் அவன் இரண்டு கையையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, அப்படியே கொஞ்சம் முன்னால் சாய்ந்து, வலது கையால் பின்னாலிருந்து மூக்கைப் பிடியுங்கள். எதிரே பெரியவளை உட்கார வைத்து போனில் அவனுக்குப் பிடித்த கார்ட்டூன் ஒன்று ஓட விடச் சொல்லுங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடுகிற வீடியோவாக இருக்கட்டும், அது முடிகிற வரை கையை எடுக்காமல் இருந்தால் நேரம் பார்க்கிற வேலையும் மிச்சம்.

வாந்தி விஷயம் எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

வெள்ளுடை (மதுரை):

அவசரப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பிள்ளையை நேரில் பார்க்காமல் சொல்கிறேன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் கேள்வி ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது.

வாந்தியிலிருந்து ஆரம்பிக்கிறேன், உங்களைப் பயமுறுத்தியது அதுதான். அண்ணாந்து பிடித்தபோது ரத்தம் தொண்டை வழியாக வயிற்றுக்குப் போயிருக்கும். வயிற்றுக்கு ரத்தம் ஒத்துக்கொள்ளாது, குமட்டிக் கொண்டு வந்துவிடும், அமிலம் பட்டதால் நிறம் கறுத்துப் போயிருக்கும். ரத்தக்கட்டியோடு ஒரே ஒரு வாந்தி, அதற்கப்புறம் பிள்ளை தெளிவாக இருக்கிறான், சாப்பிட்டதும் தங்குகிறது என்றால் விழுங்கின ரத்தம்தான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு. தலைக்காயத்தால் வருகிற வாந்தி திரும்பத் திரும்ப வரும், கூடவே பிள்ளை சோர்ந்து மந்தமாகிக்கொண்டே போவான், தலை வலிக்கிறது என்பான், நடை தள்ளாடும். இன்று ராத்திரி இன்னொரு முறை வாந்தி வந்து அதில் ரத்தம் இல்லை என்றால், விடியும் வரை காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். வலிப்பு, நினைவு தப்புவது, கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, பேச்சு குழறுவது, இரண்டு கண்ணைச் சுற்றியும் கன்றிப்போய்க் கருவளையம் மாதிரி வருவது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரித் தெளிவாகச் சொட்டுவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள். அந்தத் தண்ணீரைச் சளி என்று துடைத்து விட்டுவிடாதீர்கள், மூளையைச் சுற்றியிருக்கும் திரவம் கசிகிறதா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும்.

தூங்க விடலாம். அடிபட்ட பிள்ளையைத் தூங்கவே விடக்கூடாது என்று நம் ஊரில் ராத்திரி முழுக்க உலுக்கி உலுக்கி எழுப்புவார்கள், அது வேண்டாம். வழக்கமாகத் தூங்குகிற நேரத்தில் தூங்கட்டும், இன்றைக்கு மட்டும் உங்கள் பக்கத்திலேயே படுக்க வையுங்கள். நடுவில் ஒன்றிரண்டு தடவை தொட்டுப் பாருங்கள்: சிணுங்கிக்கொண்டு புரண்டு படுத்தால் சரி. எவ்வளவு தட்டினாலும் எழவில்லை என்றால் அது தூக்கம் இல்லை, உடனே கிளம்புங்கள். தலைப்பக்கம் ஒரு தலையணை கூடுதலாக வைத்து உயர்த்திவிடுங்கள்.

இப்போது மறுபடி ரத்தம் வந்தால் என்ன செய்வது என்பது. உட்கார வைத்து முன்னால் குனிய வையுங்கள், வாயால் மூச்சு விடச் சொல்லுங்கள், வாய்க்குள் வருகிற ரத்தத்தை விழுங்காமல் கிண்ணத்தில் துப்பச் சொல்லுங்கள். பிடிக்கிற இடம்தான் முக்கியம். பெரும்பாலான பேர் கண்களுக்கு நடுவே, மேலே இருக்கிற எலும்பைப் பிடித்துக்கொள்கிறார்கள், அங்கே எவ்வளவு அழுத்தினாலும் பிரயோஜனம் கிடையாது. உங்கள் மூக்கிலேயே விரலை மேலிருந்து கீழே நகர்த்திப் பாருங்கள், கெட்டியான எலும்பு முடிந்து மெத்தென்று ஆகிற இடம் வரும். அதற்குக் கீழே, மூக்குத்துளை இரண்டும் முழுதாக மூடிக்கொள்கிற மாதிரி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிக்கணும். ஒரு பக்கம்தான் ரத்தம் என்றாலும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான்.

பிடித்த பிடி 10 நிமிடம். நடுவில் நின்றுவிட்டதா என்று விட்டுப் பார்க்கக் கூடாது. உறைய ஆரம்பித்த ரத்தம் ஒவ்வொரு தடவை விட்டுப் பார்க்கும்போதும் பிய்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்துதான். 10 நிமிடம் கழித்தும் வந்தால் இன்னொரு 10 நிமிடம். அதற்கும் நிற்கவில்லை என்றால் மூக்கைப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ஆரம்பத்திலேயே குபுகுபு என்று கொட்டினாலோ, பிள்ளை வெளுத்துப்போய் உடம்பு சில்லிட்டு வியர்த்தாலோ நிமிடக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம்.

துண்டில் பார்த்த ரத்தத்தை நினைத்து ராத்திரி முழுக்கக் கலங்காதீர்கள். ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி, அதை ஒரு வெள்ளைத் துண்டில் ஊற்றிப் பார்த்தாலே பயங்கரமாகத் தெரியும். 16 கிலோ எடையுள்ள பிள்ளை உடம்பில் சுமார் 1.2 லிட்டர் ரத்தம் இருக்கும்.

பஞ்சு, டிஷ்யூ எதையும் உள்ளே திணிக்க வேண்டாம். எடுக்கும்போது உறைந்த ரத்தத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும், துண்டு ஒன்று உள்ளேயே தங்கினால் அது வேறு தொல்லை. வலிக்கு பாரசிட்டமால் போதும், இபுபுரூஃபன் இப்போது வேண்டாம், அது ரத்தம் உறைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். பாரசிட்டமால் சிரப் கொடுக்கும்போது பாட்டிலை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள், 5 மில்லியில் 120, 125 என்று ஒரு வகை, 250 என்று ஒரு வகை கடையில் கிடைக்கிறது. பழைய பாட்டிலின் கணக்கிலேயே புது பாட்டிலையும் ஊற்றிக் கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகிவிடும். எடைக்குத் தகுந்த அளவை உங்கள் டாக்டரிடம் போனிலாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வாயைத் திறக்கச் சொல்லி மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். முகம் நேராக மோதியதால் முன்பல் ஆடுகிறதா, ஈறுக்குள் ஏறிவிட்டதா என்று தெரியணும். மூக்கு ரத்தக் களேபரத்தில் இதை யாரும் கவனிப்பதே இல்லை.

கொங்குப்பொண்ணு (திருப்பூர்):

ரொம்ப நன்றி, படித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. பல் ஆடவில்லை, மேல் உதட்டின் உட்பக்கம் சின்னக் கீறல் மட்டும். மறுபடி வாந்தி இல்லை. பெரியவளை வைத்து அவனோடு பேசச் சொல்லிப் பார்த்தேன், பேர், ஸ்கூல், மிஸ் பேர் எல்லாம் சொல்கிறான். கண் பக்கம் கருப்பு எதுவும் தெரியவில்லை. தெளிவான தண்ணீரும் வரவில்லை. மாமியாருக்கும் படித்துக் காட்டினேன், அவர்களே துண்டை எடுத்து வைத்துவிட்டு, ராத்திரி வந்தால் நான் முன்னால் குனிய வைத்துப் பிடித்துக்கொள்கிறேன் என்கிறார்.

எக்ஸ்ரே பற்றி யாராவது சொல்லுங்கள். காலையில் போனால் எந்த டாக்டரிடம் போகணும், குழந்தை டாக்டரா, வேறா?

மூக்குநுனி:

காது மூக்கு தொண்டை மருத்துவன். மேலே நர்ஸ் சகோதரி சொன்ன எல்லாவற்றையும் அப்படியே வழிமொழிகிறேன், நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாள் சமாச்சாரம். ரத்தம் நின்றதும் எல்லோரும் நிம்மதியாகி மூக்கை மறந்துவிடுகிறார்கள், எங்களிடம் பிரச்சினையோடு வருகிற குழந்தைகளில் சிலர் ரத்தம் நின்று நாலைந்து நாள் கழித்து வருகிறவர்கள்தான்.

மூக்குக்கு நடுவே இரண்டு துளையையும் பிரிக்கிற சுவர் இருக்கிறது அல்லவா, முன்பாதியில் அது குருத்தெலும்பு. அந்தக் குருத்தெலும்புக்கு என்று சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது, மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. மூக்கில் அடிபடும்போது, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அந்த உறை குருத்தெலும்பிலிருந்து பிரிந்து நடுவில் ரத்தம் தேங்கிவிடலாம். வெளியே ரத்தம் நின்றுவிட்டது, உள்ளே தேங்கிக்கொண்டிருக்கிறது, வெளியில் பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. கவனிக்காமல் விட்டால் மூன்று நாலு நாளில் குருத்தெலும்பு கரைய ஆரம்பிக்கும், சீழும் பிடிக்கலாம். அப்படிப் போனால் மூக்கின் நடுப்பகுதி பள்ளமாக இறங்கி அப்படியே நின்றுவிடும், வளர்கிற முகம் என்பதால் பின்னால் சரி செய்வதும் லேசான வேலை இல்லை. அரிதாகத்தான் நடக்கும், ஆனால் பார்த்தால் தெரிந்துவிடுகிற விஷயம், அதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன்.

எப்படிப் பார்ப்பது? பையன் மடியில் தலை சாய்த்திருக்கும்போது, வலிக்காத அளவுக்கு மூக்குநுனியைக் கட்டைவிரலால் மெதுவாக மேலே தூக்கி, போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். எதையும் உள்ளே விட வேண்டாம். நல்லபடியாக இருந்தால் நடுச்சுவர் வெளிர்சிவப்பாக மெல்லிசாகத் தெரியும், இரண்டு பக்கமும் மூச்சுப் போக இடைவெளி இருக்கும், காய்ந்த ரத்தம் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம், பரவாயில்லை. ரத்தம் தேங்கியிருந்தால் சுவரிலிருந்து நாவல்பழ நிறத்தில், இல்லை கருஞ்சிவப்பில், உருண்டையாக உப்பிக்கொண்டு துளையை அடைத்திருக்கும், பெரும்பாலும் இரண்டு பக்கமும். கூடவே ஒரு சின்ன சோதனை. ஜில்லென்று இருக்கிற எவர்சில்வர் கரண்டியின் பின்பக்கத்தை மூக்குக்குக் கீழே படுக்கையாகப் பிடித்து, வாயை மூடி மூச்சு விடச் சொல்லுங்கள். இரண்டு இடத்தில் ஆவி படிந்தால் இரண்டு பக்கமும் காற்று போகிறது. நாங்கள் கிளினிக்கில் ஒரு இரும்புத் தகட்டை வைத்துச் செய்வதும் இதேதான். உப்பல் தெரிந்தாலோ, இரண்டு பக்கமும் அடைத்து வாயாலேயே மூச்சு விட்டாலோ, வலி குறையாமல் நாளுக்கு நாள் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள், நாளை பார்க்கலாம் என்று தள்ள வேண்டாம். கீறி வெளியேற்றிவிட்டு உள்ளே அழுத்தி அடைப்பு வைத்துவிடுவோம், நேரத்தோடு வந்தால் மூக்கு தப்பித்துவிடும்.

இன்றைக்குப் பார்த்தேன் ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். நாளையும் நாளை மறுநாளும் பாருங்கள், மெதுவாகத் தேங்குவதும் உண்டு.

எக்ஸ்ரே கேட்டீர்கள். வெறும் மூக்கு வீக்கத்துக்கு எக்ஸ்ரே தேவையில்லை. நாலு வயதில் மூக்கில் பாதிக்கு மேல் குருத்தெலும்புதான், எக்ஸ்ரேயில் அது விழவே விழாது, எலும்பில் இருக்கிற இயல்பான கோடுகளே விரிசல் மாதிரித் தெரிந்து வீண் பயத்தைக் கிளப்பும். எலும்பு நகர்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும்தான் முடிவு செய்கிறோம், அதற்கு வீக்கம் வடியணும். அதனால் காலையில் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டு, மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் வீக்கம் வடிந்ததும் இன்னொரு தடவை காட்டுங்கள். குழந்தைகளுக்கு எலும்பு சீக்கிரம் கூடிவிடும், கோணலாகக் கூடுவதற்குள் நேராக்கணும் என்றால் ஒரு வாரத்துக்குள் செய்தாக வேண்டும். அடிபடுவதற்கு முன் எடுத்த நேர்முகப் போட்டோ ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள், வித்தியாசம் பார்க்க உதவும்.

எந்த டாக்டர் என்றால், பக்கத்தில் காது மூக்கு தொண்டை டாக்டர் இருந்தால் நேரே அவரிடம். இல்லாவிட்டால் உங்கள் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள், ஆனால் மூக்கின் உள்சுவரைப் பார்த்தீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள், தப்பே இல்லை.

செட்டிநாட்டுத்_தாத்தா:

எங்கள் காலத்தில் சில்லுமூக்கு உடைந்தால் சின்ன வெங்காயத்தை நசுக்கி மூக்கில் காட்டுவோம், தலையில் ஈரத்துணி போடுவோம், எலுமிச்சைச் சாறு ரெண்டு சொட்டு விடுகிறவர்களும் உண்டு. பேரப்பிள்ளைகள் மூணு பேர் லீவுக்கு வந்திருக்கிறார்கள், நாள் முழுக்க மாமரத்தில்தான். அதனால்தான் கேட்கிறேன், இதெல்லாம் செய்யலாமா கூடாதா? ஐஸ் வைக்கலாமா?

வெள்ளுடை (மதுரை):

ஐயா, கேட்டது நல்லது. எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம், கிழிந்த தோலில் எரியும், பிள்ளை உதறிக்கொண்டு அழுதால் ரத்தம் இன்னும் கூடும். எண்ணெய், நெய் எதையும் மூக்கில் ஊற்ற வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கு அது நுரையீரலுக்குப் போய்விடலாம். வெங்காயத்தை முகர்ந்து பார்ப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் இரண்டு கையும் மூக்கைப் பிடிப்பதில் இருந்தால் அதுதான் பலன். ஈரத்துணியும் அப்படியே. ஐஸைத் துணியில் சுற்றி மூக்கின் மேல்பகுதியில் பத்து நிமிடம் வைத்தால் வீக்கம் குறையும், ஐஸை நேராகத் தோலில் வைக்காதீர்கள். ரத்தம் நின்றதற்கப்புறம் குச்சி ஐஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தால் பிள்ளை அமைதியாகிவிடும், வாய்க்குள்ளும் குளிர்ச்சி. சின்னப் பிள்ளைக்கு ஐஸ்கட்டியை வாயில் போட்டுவிடாதீர்கள், தொண்டையில் சிக்கும்.

மாமரம் என்றதால் சொல்கிறேன், ஐந்து அடிக்கு மேலிருந்து விழுந்தால் மூக்கு ரத்தம் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தாலும் தலையையும் கழுத்தையும் டாக்டர் பார்த்தாக வேண்டும். கழுத்து வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் தூக்கி நிறுத்தாமல் அசையாமல் வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

பாலவாடி_டீச்சர்:

எங்கள் வகுப்பில் முப்பது பிள்ளைகள், ஒருத்தருக்கு மூக்கில் ரத்தம் வந்தால் மீதிப் பேர் எல்லோரும் அழ ஆரம்பித்துவிடுவார்கள். அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள், அடுத்த நாள் பையனை அனுப்பும்போது டைரியில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: நேற்று அடிபட்டது, மறுபடி வந்தால் குனிய வைத்து மெத்தென்ற இடத்தில் 10 நிமிடம் பிடிக்கவும், இந்த எண்ணுக்குக் கூப்பிடவும் என்று. ஆயாம்மாவும் நாங்களும் தெரியாமல் அண்ணாந்து பிடித்துவிடக் கூடாது இல்லையா. ஒரு மாற்றுச் சட்டையும் பையில் வையுங்கள், ரத்தக்கறைச் சட்டையோடு உட்கார்ந்தால் மற்ற பிள்ளைகள் கேட்டுக் கேட்டே அவனை அழ வைத்துவிடுவார்கள்.

எத்தனை நாளைக்கு விளையாட விடாமல் பார்த்துக்கொள்ளணும் என்று மூக்குநுனி சார் சொன்னால் நன்றாக இருக்கும்.

மூக்குநுனி:

முதல் 24 மணி நேரம் ஓட்டம், குதியாட்டம், தலைகீழாகத் தொங்குவது எதுவும் வேண்டாம் டீச்சர். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மச் சொல்லுங்கள். ரசம், பால், குளிக்கிற தண்ணீர் எல்லாம் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தால் ரத்தக்குழாய் விரிந்து மறுபடி கசியும். பந்து முகத்தில் படுகிற விளையாட்டு, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொள்கிற விளையாட்டு மட்டும் ஒரு வாரம், எலும்பில் அடி என்று டாக்டர் சொன்னால் அவர் சொல்கிற வரை. உள்ளே காய்ந்த பொருக்கை நகத்தால் எடுக்க வருவான், அதுதான் பெரிய தொல்லை. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, சலைன் சொட்டு மருந்தைப் பகலில் இரண்டு மூன்று வேளை விடுங்கள், பொருக்கு தானாக இளகி வந்துவிடும். கடையில் கேட்கும்போது உப்புத் தண்ணீர் மட்டும் உள்ள சலைன் என்று அழுத்திச் சொல்லுங்கள், மூக்கடைப்பைத் திறக்கிற சொட்டு மருந்தும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், அதைச் சின்னப் பிள்ளைக்கு டாக்டர் சொல்லாமல் விடக் கூடாது.

பாலைவனத்_தமிழன்:

துபாயில் இருக்கிறோம். இதே தலைப்பில் ஒரு கேள்வி, தனியாகத் தொடங்காமல் இங்கேயே கேட்கிறேன். மகளுக்கு ஆறு வயது. எங்கும் இடித்துக்கொள்வதே இல்லை, ஆனாலும் அடிக்கடி காலையில் எழும்போது தலையணையில் ரத்தம், இல்லாவிட்டால் லேசாகக் கை பட்டாலே வருகிறது, எப்போதும் வலது பக்கம்தான், பிடித்தால் சீக்கிரம் நின்றுவிடும். இரவு முழுக்க ஏசி. தும்மலும் உண்டு, அதற்கு மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்திருக்கிறார்கள். ஊரில் அம்மா ரத்தப் புற்றுநோய்க்கு டெஸ்ட் எடு என்று போனிலேயே அழுகிறார். எந்த டெஸ்ட் எடுக்கணும்?

மூக்குநுனி:

அம்மாவிடம் பேசி முதலில் தைரியம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதில் காரணம் எல்லாமே மூக்கிலேயே இருக்கிறது. நடுச்சுவரின் முன்பகுதியில் நாலைந்து ரத்தக்குழாய்கள் வந்து பின்னிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது, லிட்டில்ஸ் ஏரியா என்போம், பிள்ளைகளுக்கு வருகிற மூக்கு ரத்தம் பெரும்பாலும் அங்கிருந்துதான். ஏசிக் காற்றில் அந்த இடம் காய்ந்து பொருக்குத் தட்டும், அலர்ஜி அரிப்பில் பிள்ளை உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்ப்பாள், தூக்கத்தில் நோண்டவும் செய்வாள், பொருக்கு பிய்ந்து ரத்தம் வரும்.

ஸ்ப்ரேயை எப்படி அடிக்கிறீர்கள்? அவளே வலது கையால் பிடித்து வலது மூக்கில் அடித்துக்கொண்டால் நுனி நேராக நடுச்சுவரைப் பார்க்கும், மருந்து தினமும் ஒரே இடத்தில் பட்டுப் பட்டு அந்த இடம் மெலிந்துபோகும். அவளே அடித்துக்கொண்டால் இடது கையால் வலது துளைக்கு, வலது கையால் இடது துளைக்கு. யார் அடித்தாலும் நுனி அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளியோரத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கட்டும். ஸ்ப்ரேயைத் தொடரணுமா, கொஞ்ச நாள் நிறுத்தணுமா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள். படுக்கும்போது விரல்நுனியில் துளியூண்டு வாசலின் எடுத்து மூக்குத்துளையின் முன்பக்க ஓரத்தில் மட்டும் தடவிவிடுங்கள், ஏசிக் காற்று முகத்தில் நேராகப் படாதபடி கட்டிலைத் தள்ளிப் போடுங்கள். ஒரே பக்கம்தான் வருகிறது என்பதால் ஒரு தடவை உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். நாற்றத்தோடு சளியும் வந்தால் மணி, பஞ்சு மாதிரி எதையோ போட்டுக்கொண்டிருக்கலாம். பட்டன் பேட்டரி போட்டிருப்பாளோ என்ற சந்தேகம் லேசாக வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், சில மணி நேரத்தில் சுவரையே ஓட்டை போட்டுவிடும். களிம்பு, சலைன் எல்லாம் கேட்கவில்லை என்றால் சில்வர் நைட்ரேட் வைத்து அந்தக் குழாயைச் சுட்டு அடைத்துவிடலாம், ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்.

ரத்தப் பரிசோதனை எப்போது என்றால், 10 நிமிடம் சரியான இடத்தில் பிடித்தும் அடிக்கடி நிற்காமல் போனால், அடிபடாத இடத்தில் கன்றிப்போனால், காலில் சிவப்புப் புள்ளிகள் வந்தால், ஈறில் ரத்தம் வந்தால், பால்பல் விழுந்தபோது நெடுநேரம் கசிந்திருந்தால், வீட்டில் யாருக்காவது அதிக ரத்தப்போக்கு உண்டென்றால். அதில் தாய்க்கு மாதவிலக்கில் அதிகமாகப் போவதையும் சேர்த்துச் சொல்லுங்கள், கேட்டால்தான் சொல்கிறார்கள். தட்டணுக்களோடு முழு ரத்த எண்ணிக்கையும், ரத்தம் உறைகிற நேரம் பார்க்கும் பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டும் முதலில் எடுப்பார்கள். பரம்பரையாக வருகிற ரத்தப்போக்கு நோய்களில் அதிகம் காணப்படுவது வான் வில்லிபிராண்ட் குறைபாடு, அதாவது ரத்தம் உறைய உதவுகிற ஒரு புரதம் குறைவாக இருப்பது, அது இந்தச் சாதாரண டெஸ்டுகளில் பிடிபடாமல் போகலாம், சந்தேகம் இருந்தால் தனியாகப் பார்க்கச் சொல்லணும். இரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், ஒரு தடவை வந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒன்று. மழைக்காலத்தில் காய்ச்சலோடு மூக்கில் ரத்தம் வந்தால் அதை ஏசி, சூடு என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள், டெங்குவின் எச்சரிக்கை அறிகுறிகளில் அதுவும் ஒன்று. அன்றைக்கே போய் ரத்த எண்ணிக்கை பாருங்கள், காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தவிர மெஃபனமிக் அமிலம், இபுபுரூஃபன் எதையும் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

கொங்குப்பொண்ணு (திருப்பூர்):

எல்லோருக்கும் நன்றி. காலையில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிட்டோம். உள்சுவர் நன்றாக இருக்கிறது, எலும்பும் நகர்ந்த மாதிரித் தெரியவில்லை, வீக்கம் வடிந்ததும் வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொன்னார். எக்ஸ்ரே எழுதவில்லை. கரண்டி சோதனையை வீட்டில் செய்தேன் என்றதும் அவரும் தகட்டை எடுத்து அதையே செய்து காட்டினார். டைரியில் எழுதிவிட்டேன் டீச்சர், மாற்றுச் சட்டையும் பையில் இருக்கிறது.